படியளக்கிறவர்

இங்கிலீஷ் வார்த்தைகளில் சில நம் கரையில் இறங்கியதும் வேஷ்டி கட்டிக்கொண்டு விடுகின்றன. பெயர் அதே பெயர்தான். ஆள் மட்டும் சீமையில் பார்த்த ஆள் அல்ல. 'லேண்ட்லார்ட்' அந்த ரகத்தைச் சேர்ந்தது. 'லேண்ட்' என்றால் நிலம், 'லார்ட்' என்றால் பிரபு, இரண்டையும் ஒட்டினால் நிலப்பிரபு என்று பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்லி விடுவான். விஷயம் அத்தோடு முடிந்துவிட்டால் இதை எழுத நான் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் தங்கையின் பேரன் லண்டனில் படிக்கிறான். மாதத்துக்கு ஒரு தடவையாவது டெலிபோனில் பேசுவான். போன தடவை பேசும்போது குரலில் ஒரே அலுப்பு.

"எங்க லேண்ட்லார்டோட பெரிய ரோதனை தாத்தா. குழாய் ஒழுகறதுன்னு மூணு தரம் சொல்லியாச்சு. ஆளை அனுப்பறேன் அனுப்பறேன்னு சொல்றானே தவிர ஒருத்தரும் வரலே."

பக்கத்தில் சாய்வு நாற்காலியில் என் சித்தி இருந்தாள். வயது தொண்ணூற்றைந்து. பிறந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் மன்னார்குடித் தாலுக்காவைத் தாண்டவில்லை. காது மந்தம்தான். ஆனாலும் வேண்டிய வார்த்தை மட்டும் தப்பாமல் விழுந்துவிடும்.

"லண்டன்லேகூட மிராசுதார் இருக்காளா? எத்தனை வேலியாம் அவனுக்கு?" என்றாள்.

"வேலியும் இல்லே, வரப்பும் இல்லே சித்தி. ஒரே ஒரு வீடு. அதிலே ரெண்டு அறையை வாடகைக்கு விட்டிருக்கான்."

"அதுக்கா லேண்ட்லார்டுன்னு பேரு? வீட்டுக்காரன்னு சொன்னாப் போறாதோ?"

சித்தி கேட்டது நியாயம். இங்கிலீஷ்காரர்களுக்கு இந்த வார்த்தை மூன்று விதத்தில் உதவுகிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர் லேண்ட்லார்ட். அது பழைய அர்த்தம். வீட்டை வாடகைக்கு விட்டவரும் லேண்ட்லார்ட். இன்றைக்கு அவர்கள் அதிகம் சொல்வது இந்த அர்த்தத்தில்தான். கிராமத்து மதுக்கடையை நடத்திக்கொண்டு, மேஜைக்கு மேஜை போய் "சௌக்கியமா?" என்று விசாரிக்கிற கடைக்காரரும் லேண்ட்லார்ட்தான். இந்த மூன்றாவது அர்த்தத்தைச் சித்தியிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்கள் குடும்பத்துக்கே அவமானம் வந்து சேர்ந்ததாக நினைத்திருப்பாள்.

சென்னையில் குடியிருக்கிறவர்கள் வீட்டுக்காரரை லேண்ட்லார்ட் என்று சொல்லி நான் அதிகம் கேட்டதில்லை. 'ஹவுஸ் ஓனர்' என்பார்கள். அதுவும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகளை ஒட்டி நாம் பழக்கத்துக்குக் கொண்டுவந்த பிரயோகம்தான். சட்டப் புத்தகம் மட்டும் விடாப்பிடியாக லேண்ட்லார்ட் என்றே எழுதுகிறது. 1960-ம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படித்தான் எழுதிற்று. அதற்குப் பதிலாக 2017-ல் இயற்றி 2019-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் இங்கிலீஷ் தலைப்பிலேயே அந்த வார்த்தை இருக்கிறது. ஆகவே, மூன்றாம் மாடியில் இரண்டு அறையை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிற, துளசிச் செடி வைக்க ஒரு பிடி மண் இல்லாத ஓர் ஓய்வுபெற்ற குமாஸ்தா, சட்டத்தின் கண்ணில் பிரபு.

தஞ்சாவூரில் கதை வேறு. அங்கே லேண்ட்லார்ட் என்றால் வேலிக் கணக்கில் நிலம் இருக்க வேண்டும். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் வேலி என்பது முள்வேலி அல்ல, அளவு. இருபது மா கொண்டது ஒரு வேலி, அதாவது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. ஐந்து வேலி, பத்து வேலி உள்ளவர்கள் கல்யாணப் பத்திரிகையில் தங்கள் பெயருக்குக் கீழே 'மிராசுதார்' என்று போட்டுக்கொள்வார்கள். இங்கிலீஷிலும் பத்திரிகை அடிக்கிறவர்கள் 'லேண்ட்லார்ட்' என்று போடுவார்கள். சம்பந்தி வீட்டார் பெயருக்குக் கீழே வக்கீல், டாக்டர், எஞ்சினீயர் என்று இருக்கும் இடத்தில் இது இருக்கும். வேலை என்ன என்று கேட்டால், வேலை செய்ய வேண்டிய அவசியம் இல்லை என்று சொல்கிற பதில் அது. அதைவிடப் பெரிய உத்தியோகம் அந்தக் காலத்தில் எங்கள் ஜில்லாவில் இல்லை.

எங்கள் பக்கத்தில் இந்த மனிதருக்கு எத்தனை பெயர்கள் என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். மிராசுதார், பண்ணையார், நிலச்சுவான்தார், எசமான், ஆண்டை, சாமி. இதிலே மிராசு என்பது அரபு மொழியில் பரம்பரைச் சொத்து என்று பொருள்படுகிற சொல்லிலிருந்து வந்தது. காணியாட்சி என்று சுத்தமான தமிழ்ச் சொல் ஒன்று இருந்தும், ராஜாங்கக் காகிதங்கள் வழியாக வந்த அந்த அரபுச் சொல்தான் ஜெயித்தது. பத்திரம் எழுதுகிறவன் பேச்சுக்கு முன்னால் பண்டிதர் பேச்சு எடுபட்டதில்லை.

ஆனால் இந்தப் பெயர்களில் கடைசி மூன்றும் காகிதத்தில் இல்லை, வாயில் இருந்தவை. சேற்றில் நின்றவர்கள் வரப்பில் நின்றவர்களைக் கூப்பிட்ட பெயர்கள். பெரிய பண்ணைகளில் "ஆண்டே" என்பார்கள். பிராமணர் வீடானால் "சாமி". ஆண்டை என்றால் ஆளுகிறவன். சாமி என்றாலும் வடமொழியில் உடைமைக்காரன், எசமானன் என்றுதான் அர்த்தம், அப்புறம்தான் தெய்வம். இங்கிலீஷிலும் பாருங்கள், 'லார்ட்' என்றால் பிரபுவும் உண்டு, பகவானும் உண்டு. இந்த மூன்று மொழிக்காரர்களும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு இதைச் செய்யவில்லை.

எதிர்ப்பக்கத்தில் நின்றவனுக்கு இத்தனை பெயர்கள் இல்லை. ஒரே பெயர்: ஆள். பண்ணையைச் சேர்ந்தவன் பண்ணையாள். 'ஆள்' என்பதை வினைச்சொல்லாகச் சொன்னால் ஆளுவது. பெயர்ச்சொல்லாகச் சொன்னால் ஆளப்படுகிறவன். எழுத்து ஒன்றுதான். எந்தப் பக்கம் நின்று சொல்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

இப்போது அந்த 'லார்ட்' என்ற பாதிக்கு வருகிறேன். அகராதிகளைப் புரட்டுவது எனக்குப் பொழுதுபோக்கு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் இந்தச் சொல் 'ஹ்லாஃப்வேர்ட்' என்று இருந்திருக்கிறது. 'ஹ்லாஃப்' என்றால் ரொட்டி. இன்றைக்கு 'லோஃப்' என்கிறோமே, அதுவேதான். 'வேர்ட்' என்றால் காவல்காரன். ஆக, பிரபு என்று நாம் மலைத்துப் போய்ச் சொல்கிற சொல்லுக்குள்ளே இருப்பவன் ரொட்டிக்குக் காவல் இருக்கிறவன்! அவனுடைய சம்சாரம் 'லேடி'. அந்தச் சொல்லுக்கு ரொட்டி மாவு பிசைகிறவள் என்று அர்த்தம். அவர்களை அண்டிப் பிழைத்த வேலைக்காரனுக்கும் ஒரு சொல் இருந்தது. 'ரொட்டி தின்கிறவன்' என்று அதற்கு அர்த்தம்.

இதைப் படித்ததும் அகராதியை மூடி வைத்துவிட்டேன். என் ஞாபகம் அறுபது எழுபது வருஷம் பின்னால் போய்விட்டது.

எங்கள் தாத்தாவுக்குப் பாமணியாற்றுப் பாசனத்தில் ஒன்றரை வேலி நிலம். பெரிய மிராசு என்று சொல்ல முடியாது, சொல்லிக்கொள்ள முடியும். அறுவடைக் காலத்தில் களத்துக்குப் போனால் என்னை ஒரு வைக்கோல் பிரியின் மேல் உட்கார்த்தி வைப்பார்கள். கதிர் அடித்து, வைக்கோல் உதறி, தூற்றி, பதர் போக்கி, நெல்லை அம்பாரமாகக் குவித்திருப்பார்கள். பிறகு மரக்காலை எடுத்து அளப்பார்கள். முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ண மாட்டார்கள். "லாபம்" என்பார்கள். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று ராகம் போட்டு எண்ணிக்கொண்டே போவார்கள். பன்னிரண்டு மரக்கால் ஆனால் ஒரு கலம். சூரியன் சாய்கிற வரையில் அந்தக் குரல் ஓயாது.

அளந்து முடிந்ததும் நெல் பல வழியாகப் பிரியும். நிலத்துக்காரருக்கு மேல்வாரம். குத்தகைக்கு உழுதவர் இருந்தால் அவருக்குக் குடிவாரம். வெட்டியான், வண்ணார், நாவிதர், தச்சர், கொல்லர் இவர்களுக்குக் களத்திலேயே கொடுக்கிற படிகளுக்கு 'சுதந்திரம்' என்று பெயர். ஆம், அதே வார்த்தைதான். தேசத்துக்கு 1947-ல் வந்த சுதந்திரத்துக்கு முன்பே எங்கள் களத்துமேட்டில் வருஷா வருஷம் சுதந்திரம் அளந்துகொண்டுதான் இருந்தார்கள், மரக்காலால். பண்ணையாளுக்குக் கூலி நெல். அவர் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

தாத்தாவின் பண்ணையில் தலையாளாக இருந்தவர் எனக்கு நன்றாக நினைவில் இருக்கிறார். ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்ததும் முதலில் வயலில் இறங்கியவர் அவர். நாற்று விட்டது, அண்டை வெட்டியது, இரவிலே கண் விழித்து மடை மாற்றியது எல்லாம் அவர். நட்டது அவருடைய மனைவி. அறுத்தது இரண்டு பேரும். ஒருநாள் களத்தில் துண்டில் நெல்லை வாங்கி முடிந்துகொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார்:

"சின்ன சாமி, பெரிய சாமி படியளக்குது. நாங்க திங்கறோம்."

கேலியாகச் சொல்லவில்லை, மனப்பூர்வமாகச் சொன்னார். நாங்களும் அதைக் கேட்டு மகிழ்ந்து போனோம். அவர் சொன்ன வாக்கியத்தில் ரொட்டிக்காரனும் இருக்கிறான், ரொட்டி தின்கிறவனும் இருக்கிறான். இங்கிலாந்தையே பார்த்திராத அந்தக் கிழவர், 'லார்ட்' என்ற சொல்லின் வேரைத் தஞ்சாவூர்க் களத்தில் நின்று எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்துவிட்டார்.

படியளக்கிறவர் என்று பகவானையும் சொல்கிறோம். கல்லுக்குள் இருக்கும் தேரைக்கும் அவர் படியளப்பதாக நம்பிக்கை. அது இருக்கட்டும். தெய்வம் அளக்கிற படி எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. மிராசுதார் அளக்கிற படி எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கலாம் அல்லவா? அதைத்தான் அந்தச் சொல் கேட்கவிடாமல் செய்தது. விளைவித்தவன் வாங்குகிறவன் ஆனான். வாங்கிக்கொண்டவர் கொடுக்கிறவர் ஆனார். ஒரு வார்த்தையால் இத்தனை பெரிய காரியத்தைச் செய்ய முடியுமா என்று நான் வியந்திருக்கிறேன். இங்கே முடிந்திருக்கிறது.

லண்டன் பேரனுக்கும் எங்கள் பண்ணையாளுக்கும் ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். பேரனுக்கு லேண்ட்லார்ட் பிடிக்கவில்லை என்றால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு தெருவுக்குப் போகலாம். பண்ணையாளின் குடிசை இருந்த மனைக்கட்டும் மிராசுதாருடையது. நிலத்துக்கும் அவரே லேண்ட்லார்ட், வீட்டுக்கும் அவரே லேண்ட்லார்ட். இங்கிலீஷ் அகராதியில் தனித்தனியாக நிற்கிற இரண்டு அர்த்தங்களும் கீழத்தஞ்சையில் ஒரே மனிதர் மேல் வந்து உட்கார்ந்தன. வாய் திறந்தால் வேலை போகும்; வேலையோடு கூரையும் போகும். அதற்கு மேலும் திறந்தால் சாணிப்பாலும் சவுக்கடியும். இவை கதைக்காகச் சொல்கிற விஷயங்கள் அல்ல. 1943 முதற்கொண்டு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் நடையாய் நடந்து விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்த பி. சீனிவாசராவ், முதன்முதலில் எதிர்த்துப் போராடியவற்றில் இந்த இரண்டும் உண்டு. அவர் கன்னட தேசத்தில் பிறந்தவர். 1961-ல் காலமானார். திருத்துறைப்பூண்டியில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது.

1952-ல் ராஜாஜி முதல் மந்திரியாக இருந்தபோது தஞ்சாவூருக்கென்றே ஒரு சட்டம் வந்தது. சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். முதலில் அவசரச் சட்டமாக வந்து பிறகு சட்டமாயிற்று. குடிவாரம் ஐந்தில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது, பண்ணையாளை இஷ்டத்துக்கு நீக்கக் கூடாது என்றெல்லாம் அது சொல்லிற்று. 1956-ல் வந்த நியாய வாரச் சட்டம் கணக்கை அப்படியே திருப்பிப் போட்டது: நன்செயில் நிலத்துக்காரருக்கு நூற்றுக்கு நாற்பது, உழுதவருக்கு அறுபது. எங்கள் வீட்டுத் திண்ணையில் அன்றைக்கு எழுந்த புலம்பல் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "இனிமேல் நிலம் வெச்சுண்டு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டவர்கள் யாரும் மறுநாள் காலையில் நிலத்தை விற்கவில்லை. பண்ணையாளை நிறுத்திவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டவர்கள்தான் பலர். சட்டம் பாதுகாத்தது பண்ணையாளை. பண்ணையாள் என்ற பெயரையே எடுத்துவிட்டால் எதைப் பாதுகாப்பது?

அப்புறம் 1968-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி. கீழ்வெண்மணி. கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட தகராறு முற்றி, அன்றிரவு சேரிக்குத் தீ வைத்தார்கள். உயிர் தப்புவதற்காக ஒரே குடிசைக்குள் புகுந்துகொண்டவர்களில் நாற்பத்து நான்கு பேர் எரிந்து போனார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கீழ்க்கோர்ட் தண்டித்த நிலச்சுவான்தார்களை 1973-ல் சென்னை ஹைகோர்ட் விடுதலை செய்தது. இவர்களில் பெரும்பாலோர் நிலபுலன் மிகுந்த பணக்காரர்கள். ஆட்களை ஏவாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்தார்கள் என்பது நம்பக் கஷ்டமாக இருக்கிறது என்ற பொருள்பட அந்தத் தீர்ப்பில் ஓரிடம் உண்டு. அதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது கல்யாணப் பத்திரிகைதான். தன் கையால் ஒரு வேலையும் செய்யாதவர் என்பது அங்கே கௌரவம். இங்கே அதுவே சாட்சியமாகப் போய்விட்டது.

அதற்குப் பிறகு சட்டங்கள் வேகமாக வந்தன. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம். 1970-ல் நில உச்சவரம்பை முப்பது ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து பதினைந்தாகக் குறைத்தார்கள். 1971-ல் குடியிருப்புச் சட்டம். அதைப் பற்றி அதிகமாகப் பேசுகிறவர்கள் இல்லை. மிராசுதாரின் மண்ணில் குடிசை போட்டிருந்த தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்கிய சட்டம் அது. என்னைக் கேட்டால், எங்கள் ஜில்லாவில் லேண்ட்லார்ட் என்ற வார்த்தையின் முதுகெலும்பை உடைத்தது அதுதான். வயலுக்கு அவர் சொந்தக்காரராக இருக்கட்டும். கூரை அவருடையது இல்லை என்று ஆனபிறகு, எதிரே நிமிர்ந்து நின்று கூலி பேச முடிந்தது.

மிராசுதார்களில் நல்லவர்களே இல்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். இருந்தார்கள். வெள்ளம் வந்த வருஷத்தில் பத்தாயத்தைத் திறந்து கொடுத்தவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடம் கட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் நல்லவருக்கும் அதே பெயர்தான், கெட்டவருக்கும் அதே பெயர்தான். ஒருவருடைய நல்ல குணத்தை நம்பித்தான் இன்னொருவர் சாப்பிட வேண்டும் என்றால், அந்த நல்ல குணத்தை மெச்சிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

பிற்காலத்தில் எங்கள் பக்கத்து மிராசுதார்கள் பலர் சென்னைக்கும் பம்பாய்க்கும் உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். நிலத்தைக் காரியஸ்தர் பார்த்துக்கொள்வார். ஊரில் இல்லாத இந்த நிலத்துக்காரருக்கு 'ஆப்ஸென்டீ லேண்ட்லார்ட்' என்று இங்கிலீஷில் தனியாகவே ஒரு பெயர் உண்டு. அயர்லாந்து தேசத்தில் அவர்கள் மலிந்து கிடந்தார்கள். அங்கே ஒரு பிரபுவின் நிலங்களுக்குக் காரியஸ்தராக இருந்தவரோடு, குத்தகைக்காரர்களும் ஊராரும் 1880-ல் பேச்சு வார்த்தை, வேலை, வியாபாரம் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தார்கள். அவர் பெயர் காப்டன் பாய்காட். 'பாய்காட்' என்று இன்றைக்கு நாம் கடைசி பெஞ்சுப் பையன்வரையில் சொல்கிறோமே, அது இந்தக் காரியஸ்தர் பெயர்தான். நிலத்துக்குச் சொந்தக்காரரான பிரபுவின் பெயர் எர்ன். அது எத்தனை பேருக்குத் தெரியும்? வசவு வாங்கிக் கொள்வதற்கும் ஓர் ஆளை வைத்துக்கொண்டவர்கள் லேண்ட்லார்டுகள்.

இன்றைக்கு எங்கள் ஊரில் பத்தாயங்களைப் பிரித்து விற்றுவிட்டார்கள். நெல் களத்திலிருந்து நேரே அரசாங்கக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. மரக்காலுக்குப் பதில் தராசு. "லாபம், ரெண்டு" என்று எண்ணுகிறவர் ஒருவரும் இல்லை. ஆற்றில் தண்ணீர் வருமா என்ற கவலை எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. சித்தி மட்டும்தான் இன்னும் வேலிக் கணக்கில் மனிதர்களை அளக்கிறாள்.

கிருஷ்ணம்மாள், ஜகந்நாதன் தம்பதியை வாசகர்கள் அறிவார்கள். கீழ்வெண்மணிக்குப் பிறகு அந்தப் பக்கமே வந்து தங்கியவர்கள். 1981-ல் 'லாப்டி' என்ற இயக்கத்தைத் தொடங்கி, நிலத்துக்காரர்களோடு பேசி நிலத்தை வாங்கி, நிலமில்லாத தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்குக் குடும்பத்துக்குச் சுமார் ஓர் ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தார்கள். பட்டாவைப் பெண்களின் பெயரில் எழுதினார்கள். லேண்ட்லேடி! இங்கிலீஷில் அந்த வார்த்தைக்கு விடுதி நடத்துகிற அம்மாள் என்றுதான் பொதுவாக அர்த்தம் சொல்வார்கள். வேரைப் பார்த்தால், நிலமும் வைத்துக்கொண்டு மாவும் பிசைகிறவள். நட்டு, களை பறித்து, அறுத்து, வீட்டுக்கு வந்து உலையும் வைக்கிற எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அது எத்தனை பொருத்தம்!

இரண்டு வருஷத்துக்கு முன் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு சிநேகிதர் ஒருவரோடு போயிருந்தேன். பயிர்க்கடனுக்கு மனுக்கொடுக்க வந்திருந்த ஓர் அம்மாளிடம் குமாஸ்தா கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். சுமார் அறுபது வயது இருக்கும். கையிலே பிளாஸ்டிக் உறையில் பட்டா.

"தொழில் என்னம்மா?"

"கூலிங்க."

"நிலம் உங்க பேர்லதானே இருக்கு?"

"ஆமாங்க. ஒரு ஏக்கர். நாந்தான் நடறேன், நாந்தான் அறுக்கறேன்."

"அப்போ கூலி யாரு கொடுக்கறாங்க?"

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தாள்.

"யாரும் குடுக்கலீங்க" என்றாள்.

குமாஸ்தா 'விவசாயி' என்று எழுதிக்கொண்டு, அடுத்த கேள்விக்குப் போனார்.